இருபது பிரசவம் எழுத வேண்டிய புத்தகம்

என் மருமகள் நர்ஸ் படிப்பை எந்த வழியில் படிப்பது என்பதே ஒரு ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் பேச்சாக இருந்தது. ஒரு வழி திருப்பதி. அங்கே ஒரு கல்லூரியில் நாலு வருஷம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். இன்னொரு வழி போன். சித்தூரில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் சென்டர் வைத்திருந்தார்கள். எங்கேயோ வடக்கே இருக்கிற பல்கலைக்கழகம் என்றார்கள். வீட்டிலிருந்தே போனில் படிக்கலாம், இருக்கிற வேலையை விட வேண்டாம், பட்டம் கைக்கு வந்துவிடும் என்றார்கள்.

மருமகள் என்று சொன்னாலும் அவள் என் தம்பி மகள். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு வீடு மாறியதே தவிர கூப்பிடுவது மாறவில்லை. பத்தாவது முடித்து இன்டரில் உயிரியல் எடுத்துப் படித்தவள். ஒரு பெண் குழந்தை பிறந்த பிறகு சித்தூரில் எலும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் உதவிக்குச் சேர்ந்தாள். நோயாளியைப் புரட்டிவிடுவாள், கட்டுத் துணி எடுத்துக் கொடுப்பாள், படுக்கை மாற்றுவாள். ஊசியைத் தொட விட மாட்டார்கள்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள் முகம் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். கால் உடைந்த பெரியவர் ஒருவர் இவளை சிஸ்டர் என்று கூப்பிட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண், இவளைவிட ஐந்து வயது சின்னவள், "அவங்க சிஸ்டர் இல்ல, ஆயா" என்று திருத்தினாளாம். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் என் மருமகள். ஏனென்றால் நான் ஆயாவாக இருந்தவள்.

"ஆயான்னா இன்னாடி, கொறஞ்சி பூட்டமா?" என்றேன்.

"உன்ன சொல்லல அத்த."

குடிபாலா பக்கம் எங்கள் ஊர். அந்தக் காலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நான் முப்பத்தொரு வருஷம் ஆயா வேலை பார்த்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. வலியோடு வருகிற பெண்ணை வண்டியிலிருந்து இறக்குவது முதல், பிறந்த பிள்ளையைத் தராசுக்குக் கொண்டுபோவது, நஞ்சுக்கொடியை வாளியில் எடுத்துப்போய்ப் புதைப்பது வரை என் வேலை. டாக்டரம்மாவே என்னைக் கேட்டுத்தான் இன்று கட்டில் காலியா என்று தெரிந்துகொள்வார். ஆனாலும் அன்றைக்கு என் மருமகள் முகத்தைப் பார்த்தபோது, இவள் ஆயாவாகவே நிற்க வேண்டியதில்லை என்று எனக்கும் பட்டது.

அவள் யாருக்கும் சொல்லாமல் நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள். ராங்க் வந்து, திருப்பதியில் சீட்டும் வந்துவிட்டது. என் மகனிடம் அப்புறம்தான் சொன்னாள். அவன் பால் வண்டி ஓட்டுகிறவன், நல்லவன், ஆனால் திடீரென்று எதுவும் நடந்தால் பிடிக்காது. மூன்று வயதுக் குழந்தையை விட்டுவிட்டு நாலு வருஷம் விடுதியா என்று கேட்டான். கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. மறுநாளே அவன்தான் அந்த மாடி சென்டரைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான்.

எனக்கு முதலில் திருப்பதிதான் சரி என்று தோன்றியது. போனில் சினிமா பார்ப்பார்கள், வம்பு பேசுவார்கள், நர்ஸ் படிப்பை எப்படிப் படிப்பார்கள்? மூன்று நாள் சும்மா பார்க்கலாம் என்று சென்டர்காரர் சொன்னதால், ஒரு சாயங்காலம் அவள் போனை அரிசி டிரம் மேல் சாய்த்து வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஒரு டீச்சர் பேசினாள். எனக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை. பிறகு படம் வந்தது. சீத்தாப்பழத்தைப் பிளந்த மாதிரி ஒரு இதயம். உள்ளே நாலு அறை. அறைக்கு அறை கதவு. அந்தக் கதவு ஒரு பக்கம்தான் திறக்கும், ரத்தம் போனதும் மூடிக்கொள்ளும், திரும்பி வர விடாது. ஒரு பக்கம் நீல ரத்தம், ஒரு பக்கம் சிவப்பு ரத்தம். நான் கீரையைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வேலை நடக்கிற இடத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு தோத்திரம்கூடச் சொல்லாமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேனே என்று இருந்தது.

"நிறுத்து, நிறுத்து, அது எப்டி மூடிக்குது?" என்றேன். அவள் விரலால் தொட்டாள், இதயம் நின்றது. பின்னால் இழுத்தாள், போன ரத்தம் திரும்பி வந்தது. மறுபடி தொட்டாள், ஓடியது. ஏழெட்டுத் தடவை பார்த்தேன். டீச்சர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. எந்தக் கல்லூரியில் இப்படி ஒரு டீச்சர் கிடைப்பாள்? அன்றைக்கு நான் போன் கட்சிக்கு மாறிவிட்டேன். என் மகன் சிரித்தான். "எம்மாவே சேர்ந்துடும் போலக்குதே" என்றான்.

ஆனாலும் சீட்டு வந்திருக்கிறது, பார்க்காமல் விடக் கூடாது என்று ஒரு திங்கட்கிழமை நானும் அவளும் திருப்பதி பஸ் ஏறினோம். வண்டி முழுக்க மலைக்குப் போகிற கூட்டம். 

கல்லூரியில் வைஸ் பிரின்ஸிபால் தெலுங்குக்கார அம்மா, கண்டிப்பானவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. என் தெலுங்கு சந்தைத் தெலுங்கு, ஆனாலும் எனக்கு உட்கார நாற்காலி போடச் சொன்னார். பிரசவ வார்டில் இருந்தவள் என்று சொன்னதும், வாங்க காட்டுகிறேன் என்று எழுந்து வந்தார். பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் நடந்தது.

ஒரு பெரிய அறை. வாசலில் நாற்பது ஜோடி வெள்ளை ஷூ, எல்லாம் ஒரே மாதிரி. எப்படித் தன்னுடையதைக் கண்டுபிடிப்பார்கள் என்று யோசித்தேன். குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கலர் நூல் தைத்திருந்தது. உள்ளே கட்டில்களில் ரப்பர் பொம்மைகள் படுத்திருந்தன. ஆள் உயரம். ஒரு பொம்மைக்கு மார்பு ஏறி இறங்கியது. அந்த அம்மா என் கையைப் பிடித்து அதன் மணிக்கட்டில் வைத்தார். நாடி ஓடியது. ரப்பரில் நாடி. நான் கையை எடுத்துவிட்டு, சரிதானா என்று என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அங்கே இருந்த பெண் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். இந்தப் பொம்மைக்கு என்ன தப்பு செய்தாலும் செத்துப்போகாது, அதனால்தான் முதலில் இதனிடம் விடுகிறோம், பிறகுதான் வார்டு என்றார் அந்த அம்மா.

கிளம்பும்போது, போனில் படித்தால் என்ன என்று நானே கேட்டேன். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. பாடம் எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் அந்தப் பட்டத்தை வைத்துக் அரசாங்க நர்சிங் கவுன்சிலில் நர்ஸ் என்று இவள் பேரைப் பதிவு செய்வார்களா, அதை மட்டும் எழுத்தில் கேளுங்கள் என்றார். சீட்டு வருகிற சனிக்கிழமை வரைக்கும் இருக்கும், அதற்கு மேல் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் மருமகள் விரலை மடக்கினாள். "பாப்பாவுக்கு நாலு வயசு ஆவும், அஞ்சு ஆவும், ஆறு ஆவும், ஏழு ஆவும்" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, போனிலேயே படிக்கிறேன் என்று அவளாகவே சொல்லிவிட்டாள். சென்டர்காரரிடம் கவுன்சில் பதிவைப் பற்றிக் கேட்டதற்கு, "பர்லேதம்மா, கவலையில்ல, அதெல்லாம் வரும்" என்றாராம். எழுத்தில் தரவில்லை. என் மகனுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. எனக்கும் போதுமாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தை வீட்டோடு இருக்கும், அவளும் வீட்டோடு இருப்பாள், இதயத்தை நானும் பார்ப்பேன்.

புதன்கிழமை ஒரு பை நிறையப் புத்தகம் கொண்டு வந்தாள். எலும்பு ஆஸ்பத்திரியில் வேலை செய்த அனுபவம் இருப்பதால் நாலு வருஷத்தை இரண்டாகக் குறைத்துவிடுவார்களாம். அதனால் எல்லாப் புத்தகத்தையும் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டார்கள். அதில் நீல அட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்று இருந்தது. அட்டையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிக்கிற பிள்ளைகள் இந்தப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அலைவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் இருபது பிரசவம் பார்த்து, ஒவ்வொன்றையும் அதில் எழுதி, சிஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பிள்ளையின் தலை தெரிகிற நேரம் வந்தால் விடுதிக்கு ஓடிப்போய் அந்தப் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டி வந்தது நான்தான்.

எலும்பு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு எங்கே போவது என்று இவள் சென்டரில் கேட்டிருக்கிறாள். வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வாங்க, கையெழுத்தும் சீலும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

வியாழக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. மத்தியானம் சாப்பாடு ஆனதும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். "இல்லாத பொம்பளைக்கு இன்னா பேரு வெக்கறது அத்த?" என்றாள். குரல் நன்றாக இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெரிய யோசனை என்று நினைத்தேன்.

"இல்லாதவ எதுக்கு? நான் தரேன், எழுதிக்கோ. இருபது இன்னா, இருநூறு தரேன். எல்லாம் நெஜமா பொறந்த புள்ளைங்க" என்றேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். முதல் பிரசவம், வேர்க்கடலை பிடுங்குகிற காலத்தில் வயலிலிருந்து நேரே வந்தவள். நகம் எல்லாம் செம்மண். வலிக்கு நடுவில் அவள் கையை நான்தான் கழுவிவிட்டேன். பெண் குழந்தை, இரண்டு கிலோ அறுநூறு. அடுத்தது, புருஷன் பேரைச் சொல்ல மாட்டேன் என்றவள். ரிஜிஸ்டர் எழுதுகிறவர் கத்துகிறார், இவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே சூரியனைக் காட்டுகிறாள். நான் புரிந்துகொண்டு பேரைச் சொன்னேன். அந்த வலியிலும் அவள் தலையாட்டிச் சிரித்தாள். ஆண் பிள்ளை, சரியாக மூன்று கிலோ. அப்புறம் ஒரு இரட்டை. முதல் பிள்ளை பிறந்து, எல்லாரும் முடிந்தது என்று இருக்க, வயிற்றில் இன்னொன்று இருக்கிறது என்று தாய் சொல்லியும் யாரும் நம்பவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அது தன் பாட்டுக்கு வந்தது. ஒரு பிள்ளை இரண்டு கிலோ, இன்னொன்று அதற்கு ஒரு கைப்பிடி குறைவு.

பேர், வயது, வலி எப்போது கண்டது, எப்போது பிறந்தது, எடை, நஞ்சு முழுசாக வந்ததா. அவள் கேட்கக் கேட்க எனக்கு எல்லாம் வந்தது. நஞ்சைப் பற்றி என்னைக் கேட்க வேண்டுமா, ஒவ்வொன்றையும் கையால் எடுத்தவள் நான். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "எப்டி அத்த இதெல்லாம் வெச்சிக்கினு இருக்கற?" என்றாள். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. இத்தனை பிள்ளைகள் எனக்குள் எடை போட்டபடி இருக்கின்றன என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சாப்பிட வந்த என் மகன் கேட்டுக்கொண்டே நின்றான். "எம்மா, அந்தப் புள்ளைக்கு இந்நேரம் கல்யாணமே ஆயிருக்கும். நீ போன மாசம் பொறந்ததா எழுத வெக்கற" என்றான்.

"புள்ள பொறக்கறது அன்னைக்கும் ஒண்ணுதான், இன்னைக்கும் ஒண்ணுதான். நீ துன்னு" என்றேன்.

மூன்று பக்கம் ஆயிற்று. ஒவ்வொரு பக்கத்திலும் அடியில் ஒரு பெரிய கட்டத்தை அவள் காலியாக விட்டுக்கொண்டே வந்திருந்தாள். இப்போது அதற்கு வந்தாள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னாள். குழந்தையின் தலை தெரிந்ததிலிருந்து முழுசாக வெளியே வரும்வரை உன் கை என்னென்ன செய்தது, வரிசையாக எழுது.

"சொல்லு அத்த. கை இன்னா பண்ணிச்சி?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடி அந்த அறையைக் கொண்டுவந்தேன். விளக்கு தெரிந்தது, வாளி தெரிந்தது, தாயின் முகம் தெரிந்தது. நான் தாயின் தலைப்பக்கம் நிற்கிறேன், அவள் என் கையைப் பிடித்திருக்கிறாள். எதிரே சிஸ்டர் குனிந்திருக்கிறார். பிறகு பிள்ளை அவர் கையில் இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது? எத்தனை பிரசவத்தை நினைத்துப் பார்த்தாலும் அந்த இடத்தில் சிஸ்டரின் குனிந்த தலையும் வெள்ளைக் குல்லாயும்தான் தெரிந்தன. முப்பத்தொரு வருஷம் ஒரே அறையில் நின்றிருக்கிறேன். அந்தக் கை என்ன செய்தது என்பதை நான் பார்த்ததே இல்லை.

என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கம் இல்லாதவள் நான். "புடிச்சி இழுத்தாங்கன்னு எழுது" என்றேன்.

"இழுக்கக் கூடாது அத்த" என்றாள் மெதுவாக. "அது மட்டும் எனக்குத் தெரியும். புக்குல போட்டுக்குது. வேற இன்னா பண்ணணும்னு தெரியல."

 அவள் பேனாவை மூடினாள்.

"நாளைக்கு ஒருத்தி என் முன்னால படுத்துக்கினு, சிஸ்டர்னு கூப்புட்டா, என் கை எங்க போவும்?"

என் மகன் தட்டிலிருந்து நிமிர்ந்தான். எலும்பு ஆஸ்பத்திரியில் யார் பிள்ளை பெறப் போகிறார்கள், எதற்கு வீண் கவலை என்றான்.

"சர்ட்டிபிகேட்டுல எலும்பு நர்ஸுன்னா எழுதுவாங்க மாமா? நர்ஸுன்னு எழுதுவாங்க" என்றாள் அவள்.

 அவன் எழுந்து கை கழுவப் போனான். அவள் என்னைப் பார்க்கவில்லை, குழந்தையையும் பார்க்கவில்லை. குழந்தை அந்தப் பக்கம் பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. திருப்பதிக்குப் போகட்டுமா என்று அவள் வாயால் கேட்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸில் விரலை மடக்கிக் கணக்குப் போட்டவள் அவள்.

"பாப்பாவ நான் பாத்துக்கறேன். நீ போ" என்றேன்.

"நாலு வருஷம் அத்த."

"எண்ணத் தெரியும்டி எனக்கு."

எழுதின மூன்று பக்கத்தையும் அவள் கிழித்து எடுத்துவிட்டாள். பையை வெள்ளிக்கிழமை சென்டரில் திருப்பிக் கொடுத்தாள். என் மகன் அந்த இரண்டு நாளும் யாரோடும் பேசவில்லை. சனிக்கிழமை விடியற்காலையில் அவனே வண்டியிலிருந்து பால் கேன்களை இறக்கி வைத்துவிட்டு, அவள் பெட்டியைத் தூக்கி வைத்தான். சீட்டு எங்களுக்காகக் காத்திருந்தது. நான் நினைத்ததைவிட அதிக நாள் குழந்தை அழுதது. அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். முதல் மாதம் முழுக்க அது என் முந்தானையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தால் பக்கத்தில் போகாது, திரும்பிப் போனதும் அழும். அந்தச் சமயங்களில் நான் சொன்ன வார்த்தை சரியா என்று எனக்கே சந்தேகம் வந்திருக்கிறது.

இப்போது மூன்று வருஷம் ஆகிவிட்டது. போன கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது பெட்டியிலிருந்து அவள் அதே மாதிரி நீல அட்டை போட்ட கேஸ் புத்தகத்தை எடுத்தாள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிரசவ வார்டு போட்டிருந்தார்கள். ஒன்பது பிரசவம் எழுதியிருந்தது. பெரிய கட்டங்களும் நிரம்பியிருந்தன. படித்துக் காட்டவா என்றாள். எடை, நேரம் எல்லாம் எனக்கு வேண்டாம், அந்தக் கட்டத்தில் இருப்பதை மட்டும் சொல் என்றேன்.

அவள் படிக்கவில்லை. என் வலது கையை எடுத்து விரல்களை மடக்கி முஷ்டியாக்கினாள். இதுதான் தலை என்றாள். என் இடது கையை அதன் மேல் கூடு மாதிரி கவிழ்த்தாள், இதுதான் தாய். "இப்ப வெளிய வா, ஆனா அவசரப்படாத" என்றாள். நான் முஷ்டியை மெல்ல நகர்த்தினேன். அவள் உள்ளங்கை என் விரல் முட்டிகள் மேல் வந்து உட்கார்ந்தது. தள்ளவில்லை. இழுக்கவும் இல்லை. நான் எவ்வளவு வந்தேனோ அவ்வளவுக்கு மட்டும் இடம் விட்டுக்கொண்டே, பாய்ந்துவிடாதபடி தாங்கிக்கொண்டே வந்தது. அவ்வளவு லேசாக ஒரு கை இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கைக்கு அடியில் என் கிழட்டு முஷ்டி பயமில்லாமல் வெளியே வந்தது.

இதைத்தான் என் கண்ணெதிரே அத்தனை வருஷமும் செய்துகொண்டிருந்தார்கள். என் தம்பி மகள் இதைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள்.

"அவ்ளோதான் அத்த" என்றாள்.

நான் கையை எடுக்கவில்லை. மறுபடியும் முஷ்டியை மடக்கி உள்ளே வைத்துக்கொண்டேன்.

"இன்னொரு வாட்டி" என்றேன்.